நம்பர் இல்லாத நீலப் பென் டிரைவ்

போன ஞாயிற்றுக்கிழமை, ஒரு கலியாண வீட்டில் தந்த பென் டிரைவை என்னுடைய மடிக்கணினியில் செருகினேன். பலகாரப் பைக்குள் லட்டோடு சேர்ந்து கிடந்ததால் அதில் நெய் வாசம் அடித்தது. காலையில் படங்களைப் பார்த்துவிட்டுக் கழற்றி வைத்தேன். பின்னேரம் மனைவியும் பார்க்க வேண்டும் என்றாள். அப்போது இடப்பக்கத் துளையில் மவுஸ் இருந்தது, அதனால் வலப்பக்கத்தில் செருகினேன். ‘புதிய சாதனம் ஒன்று வந்திருக்கிறது, தயார்ப்படுத்துகிறோம், பொறுங்கள்’ என்று கணினி அறிவித்தது. காலையில் அரை மணிநேரம் அதற்குள்ளேயே இருந்த சாமான், பின்னேரம் முன்பின் தெரியாத ஆளாகிவிட்டது. நான் தனியே சிரித்தேன்.

“என்ன சிரிப்பு? யாரு அந்தப் படத்துல இருக்கிறது?” என்று மனைவி கேட்டாள்.

கலியாணப் படத்தைப் பார்த்துத் தனியே சிரிக்கிற புருஷனைச் சந்தேகப்படுவது நியாயம்தான். அந்த நேரம் பார்த்து வினோதினி என்று ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் இராச்சாப்பாடு கிடைத்திருக்காது. அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

யுத்தம் மறுபடியும் மூண்டிருந்த வருடங்கள் அவை. நான் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வெள்ளவத்தைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் குலேந்திரன் அங்கிளின் ‘கொமினிகேஷன்’ இருந்தது. வெளிநாட்டுக்குக் கோல் எடுப்பது, போட்டோக் கொப்பி, டைப்பிங், விசாவுக்குப் போகிறவர்களின் பாஸ்போட், பிறப்புச் சான்றிதழ், காணி உறுதிப் பத்திரம் எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணிக் கொடுப்பது என்று எல்லா வேலையும் அங்கே நடக்கும். முன் அறையில் பிரிண்டரோடு என்னுடைய கம்பியூட்டர். பின் அறையில் ஸ்கேனரோடு வினோதினியின் கம்பியூட்டர். பின் அறை ஜன்னலைத் திறந்தால் ரயில் தண்டவாளம், அதற்கு அப்பால் கடல். கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? அந்த உப்புக் காற்று ஆறு மாதத்தில் ஒரு கம்பியூட்டரைத் தின்றுவிடும். கதவுப் பிணைச்சல், மேசை ஆணி, ஸ்டேப்ளர் எல்லாவற்றிலும் ஒரே துரு வாசம். வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைத்தாலும் விரலில் அந்த வாசம் இருக்கும்.

குலேந்திரன் அங்கிள் யாழ்ப்பாணத்து மனுஷன், நல்லவர்தான். ஆனால் சந்தேகத்தைச் சோறு போல மூன்று வேளையும் சாப்பிடுகிறவர். கோந்துப் போத்தலில் கோந்து எவ்வளவு இருக்கிறது என்று பேனாவால் கோடு போட்டு வைப்பார். வெளியே போனால் எதிர்க் கடையிலிருந்து எங்கள் கடைக்கே கோல் எடுத்து, குரலை மாற்றி, “அங்கை கனடாவுக்கு நிமிஷத்துக்கு எவ்வளவு?” என்று கேட்பார். நான் “அங்கிள், நீங்க வெளிய போகக்குள்ள இருந்த அதே விலைதான்” என்று சொன்னால் டக்கென்று வைத்துவிடுவார். தேத்தண்ணிக் கடைக்காரன் பாலில் தண்ணீர் கலக்கிறான், எதிர்வீட்டு நாய் யாரோ சொல்லிக் கொடுத்துத்தான் குலைக்கிறது என்றெல்லாம் அவருக்கு உறுதியான கருத்துகள் இருந்தன.

இரண்டு கம்பியூட்டரையும் ஒரு வயரால் இணைத்தால் ஸ்கேன் பண்ணியதை நேரே என்னுடைய பிரிண்டருக்கு அனுப்பலாம் என்று நான் ஒருமுறை சொன்னேன். 

“வயரோ? வயர் போட்டா ஆர் எங்கையிருந்து பாப்பினம் எண்டு உனக்குத் தெரியுமே?” என்றார். 

அதனால் புறக்கோட்டை நடைபாதையில் பேரம் பேசி ஒரு நீலப் பென் டிரைவ் வாங்கி வந்தார். அதில் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. கழுத்துப்பட்டியில் கட்டி வினோதினியிடம் கொடுத்தார். அவள் ஸ்கேன் பண்ணி, அதில் ஏற்றி, முன் அறைக்குக் கொண்டுவந்து என்னிடம் தருவாள். நான் பிரிண்ட் எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன். மாலையில் அங்கிள் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார். வேறு எந்தப் பென் டிரைவும் கடைக்குள் வரக் கூடாது. அதுதான் சட்டம்.

வினோதினி கிளிநொச்சிப் பிள்ளை. அதிகம் கதைக்க மாட்டாள். என்னை ‘அண்ணா’ என்பாள், ஆனால் தன் சாப்பாட்டுப் பெட்டியை நான் பார்க்காத பக்கமாகத் திருப்பி வைத்துத்தான் சாப்பிடுவாள். வெள்ளவத்தைக்குள்ளேயே மூன்று வீடுகளில் மாறி மாறி அறை எடுத்து இருந்திருக்கிறாள். வடக்கிலிருந்து வந்தவள் என்பதால் ஒவ்வொரு முறை மாறும்போதும் பொலிசுக்குப் போய்ப் புதிதாகப் பதிய வேண்டும். அதே ஐசி என்கிற அடையாள அட்டை, அதே முகம், அதே பொலிஸ். ஆனாலும் வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு போய், ஆர், எங்கையிருந்து, ஏன் வந்தனி என்ற கேள்விகளுக்கு முதலிலிருந்து பதில் சொல்ல வேண்டும். இரண்டாவது வீட்டுக்கும் மூன்றாவது வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில்தான் என்று சொல்லியிருக்கிறாள். நான் கொட்டாஞ்சேனையில் பிறந்தவன், என் ஐசியில் கொழும்பு விலாசம். எனக்கும் சோதனைச் சாவடியில் பயம்தான், ஆனால் அவளுக்கு இருக்கிற பயம் மாதிரி இல்லை.

ஒரு நாள் காலை தம்பிராசா ஐயா கடைக்குள் கத்திக்கொண்டு வந்தார். ரிட்டயர் ஆன தபாலதிபர், எங்கள் வாடிக்கையாளர். போன கிழமைதான் வெளிநாட்டில் இருக்கும் மகளிடம் போக விசாவுக்காக எல்லாப் பத்திரங்களையும் எங்களிடம் ஸ்கேன் பண்ணியிருந்தார்.

“குலேந்திரன்! நேற்று ராத்திரி எனக்கு ஒருத்தன் கோல் எடுத்தவன். மகளின்ரை பேர் சொல்லுறான், மருமகன்ரை வேலை சொல்லுறான், எந்த ஊர், எந்தத் தெரு எல்லாம் சொல்லுறான். சொல்லிப்போட்டு, ‘கவனமா இருங்கோ ஐயா’ எண்டு வைக்கிறான். இந்தக் கடையை விட்டா வேறை எங்கை என்ரை பத்திரம் போனது?”

அந்தக் காலத்தில் அப்படி ஒரு கோல் வந்தால் அடுத்தது கப்பம் கேட்பார்கள், இல்லாவிட்டால் ஆளைக் கடத்துவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். பேசியவன் எந்தப் பக்கத்து ஆள் என்பது மட்டும் தெரியாது. அங்கிளின் முகம் வெளுத்துவிட்டது. ஐயாவைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு, என்னைப் பார்த்தார். பிறகு பின் அறையைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். கடையில் வேலை செய்கிறவர்கள் நாங்கள் இரண்டே பேர்.

பின்னேரம் தெஹிவளையிலிருந்து அங்கிளின் மருமகன் ரமணன் வந்தான். கம்பியூட்டர் படித்தவன். வினோதினியின் கம்பியூட்டரில் ஏதோ ஒரு சின்னப் புரோகிராமைப் போட்டு ஓட்டினான். இதுவரை அந்தக் கம்பியூட்டரில் செருகிய சாமான்களையெல்லாம் அது வரிசையாகக் காட்டியது. எங்களுக்குத் தெரியாமலே அந்தச் சனியன் எல்லாவற்றையும் நினைவில் வைத்திருந்திருக்கிறது!

“மாமா, நீங்கள் எத்தினை பென் டிரைவ் வாங்கினியள்?”

“ஒண்டு.”

“இதிலை மூண்டு கிடக்கு. பேர் மூண்டுக்கும் ஒண்டுதான், மலிவுச் சாமான். ஆனா நம்பரைப் பாருங்கோ, மூண்டும் மூண்டு நம்பர். நம்பர் வேறை எண்டா ஆள் வேறை.”

அப்படியென்றால் இரண்டு பென் டிரைவ் வெளியிலிருந்து வந்திருக்கின்றன. அந்தக் கம்பியூட்டரில் வேலை செய்கிறவள் வினோதினி. அவள் சுவரோடு சாய்ந்து நின்றாள். அழவில்லை, கைகள் மட்டும் கழுத்துப்பட்டியை முறுக்கிக்கொண்டிருந்தன. நான் அவளைப் பார்த்தேன், அவளா? அவளும் என்னைப் பார்த்தாள். அவள் எழும்பி வெளியே போகும் நேரத்தில் நான்தானே பின் அறையில் தனியே இருக்கிறவன் என்று அவள் யோசிப்பது எனக்கு அப்படியே கேட்டது.

அங்கிள் கதவைச் சாத்தினார்.

“நாளைக்குப் பின்னேரம் வரைக்கும் பாப்பன். ஆர் எண்டு சொன்னா நல்லது. இல்லாட்டி நான் பொலிசிலை சொல்லத்தான் வேணும். சொல்லாட்டி என்னை வந்து பிடிப்பினம். எனக்கும் பிள்ளையள் இருக்கு.”

அவர் மேல் கோபப்படவும் முடியவில்லை. ஆனால் பொலிஸ் என்றால் என்ன நடக்கும்? என்னை இரண்டு தட்டுத் தட்டிக் கேட்பார்கள், அம்மா பங்குத்தந்தையைக் கூட்டிக்கொண்டு ஓடி வருவாள். கிளிநொச்சி ஐசியோடு, ஊராரின் பாஸ்போட்டைக் களவாகக் கொப்பி பண்ணியவள் என்று முதலாளியே சொல்லிக் கொடுத்தால், வினோதினி எப்போது திரும்பி வருவாள்? வருவாளா? அதைக் கேட்க அவளுக்கு அந்த ஊரில் ஒரு மனிதர் இல்லை. அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. மாதாவே, அவளாக இருக்கக் கூடாது என்று ஒரு தடவை நினைப்பேன். நானாக ஆகிவிடக் கூடாது என்று அடுத்த தடவை.

மறுநாள் காலை அவள் வந்தாள். வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். ஓடினால் குற்றம் உறுதியாகிவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அங்கிளும் வேடிக்கையான மனுஷன், கள்ளி என்று சந்தேகப்படுகிற பிள்ளையின் கையிலேயே நீலப் பென் டிரைவைக் கொடுத்தார். ஒரு வாடிக்கையாளருக்கு அடுத்த நாள் விசா இன்டர்வியூ, வேலையை முடித்துத்தான் ஆகவேண்டும்.

அவள் கம்பியூட்டரின் முன்பக்கத்து இரண்டு துளைகளும் துருப்பிடித்துப்போனவை. ரப்பரால் தேய்த்து, கொலோன் சென்ட் போட்டுத் துடைத்து எவ்வளவு காலம் ஓட்டுவது? அதனால் சில கிழமைகளாக அவள் குனிந்து பின்பக்கத்துத் துளை ஒன்றில்தான் செருகிக்கொண்டிருந்தாள். அன்று பத்து மணி போல ஒரு ரயில் போனது. ரயில் போனால் அந்த அறையே ஆடும். பென் டிரைவ் விடுபட்டுவிட்டது. எவ்வளவு அழுத்தினாலும் அந்தத் துளை பிடிக்கவில்லை. அவள் அதற்குப் பக்கத்துத் துளையில் செருகினாள்.

“அண்ணா, ஒருக்கா வாங்கோ” என்று கூப்பிட்டாள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

திரையின் மூலையில் ‘புதிய சாதனம்’ என்று ஓர் அறிவிப்பு.

“இது ஒவ்வொரு நாளும் செருகுறது தானே. ஏன் புதுசு எண்டு சொல்லுது? முந்தியும் துளை மாத்தேக்கை இப்பிடித்தான் வந்தது. உப்புக் காத்துக்கு மண்டை கழண்டு போச்சாக்கும் எண்டு விட்டிட்டன்.”

ரமணன் போட்டுவிட்டுப் போன புரோகிராம் அங்கேயேதான் இருந்தது. திறந்தேன். நேற்று மூன்று இருந்த இடத்தில் இன்று நான்கு. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அந்தச் சந்தேகம் வந்த பிறகு அப்போதுதான் நேருக்கு நேர் பார்த்தோம்.

இதைப் பின்னாளில், வேறோர் இடத்தில் கம்பியூட்டர் பகுதியில் வேலை பார்த்தபோதுதான் என்னால் ஒழுங்காக விளங்கிக்கொள்ள முடிந்தது. ஒரு சாமானைச் செருகியவுடன் சிஸ்டம் அதனிடம் கேள்வி கேட்கும். யார் நீ? எங்கே செய்தது? உன் நம்பர் என்ன? ஒழுங்கான சாமான் மூன்றுக்கும் பதில் சொல்லும். அதை எந்தத் துளையில் செருகினாலும் ‘ஆ, நீயா, வா’ என்று சிஸ்டம் அடையாளம் கண்டுகொள்ளும். மலிவுச் சாமான்களில் சிலவற்றுக்கு நம்பரே இருக்காது. மூன்றாவது கேள்விக்கு வாயைத் திறக்காது. அதற்காகச் சிஸ்டம் அதைத் துரத்திவிடாது, தானாகவே ஒரு நம்பரைக் கட்டிக் கொடுக்கும். எதை வைத்து? எந்தத் துளையால் வந்தது என்பதை வைத்து. துளை மாறினால் நம்பர் மாறும், நம்பர் மாறினால் ஆள் மாறிவிடும். முன்பக்கத் துளை இரண்டு, பின்பக்கத் துளை ஒன்று, அதுதான் ரமணன் கண்ட மூன்று. அப்படிக் கட்டிய நம்பரில் இரண்டாவது எழுத்தாக & என்று ஒரு குறி இருக்கும், தெரிந்தவன் பார்த்தால் பிடித்துவிடலாம். ரமணனுக்குத் தெரியவில்லை. எனக்கும் அன்றைக்குத் தெரியாது.

அங்கிளைக் கூப்பிட்டேன். சொன்னால் நம்புகிற மனுஷனா?

“அங்கிள், நாங்க தொடல்ல. நீங்களே உங்க கையால செருகுங்க.”

“இதிலை என்ன சுத்துமாத்து?” என்று கேட்டுக்கொண்டே, பென் டிரைவைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது தன்னுடையதுதானா என்று மோந்தும் பார்த்தார். மீதமிருந்த ஒரு துளையில், வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, முழங்காலில் நின்று செருகினார். ‘புதிய சாதனம்.’ பட்டியலைத் திறந்து காட்டினேன். ஐந்து.

அங்கிள் முழங்காலிலேயே நின்றார்.

“அப்ப... இது நான் வெளியிலையிருந்து கொண்டந்தது எண்டோ?”

“சிஸ்டம் அப்பிடித்தான் சொல்லுது அங்கிள்.”

“நான் இப்ப கள்ளனோ?”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஆனால் அங்கிளை அவ்வளவு லேசில் அசைக்க முடியாது. எழும்பி, எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, “ரெண்டு பேரும் சேந்து ராத்திரி இதுக்குள்ளை ஏதோ செய்து வைச்சிருக்கிறியள்” என்றார். பிறகு ரமணனுக்குக் கோல் எடுத்தார். “சில மலிவுச் சாமான் அப்பிடியும் செய்யும் மாமா, இன்னும் கொஞ்சம் காசு போட்டு நல்லதா வாங்கியிருக்கலாம்” என்றானாம். 

“அதை நேற்றுச் சொல்லுறதுக்கு உனக்கு வாய் நோந்ததோ!” என்று அங்கிள் கத்திய சத்தம் ஒழுங்கை முனை வரை கேட்டிருக்கும்.

அவர் பொலிசுக்குப் போகவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. பின்னேரம் மீன் ரோல்ஸ் வாங்கி வந்து மேசையில் வைத்தார். அவருடைய அகராதியில் அதுதான் மன்னிப்பு. நான் இரண்டு சாப்பிட்டேன், வெட்கமில்லாமல். வினோதினி தொடவில்லை. அடுத்த நாள் நாங்கள் வரும்போது ஒரு துளையைத் தவிர மற்றத் துளைகளையெல்லாம் கறுப்பு டேப்பால் ஒட்டியிருந்தார். சில நாட்களில் அதே மாதிரிக் கோல் இன்னும் சில வீடுகளுக்கு வந்ததாகத் தெரிந்தது. எங்கள் கடைப் படியே மிதிக்காத குடும்பங்கள். ஆக, கசிந்தது எங்களிடமிருந்து இல்லை. இதை அங்கிள் என்னிடம் சொன்னார். அவளிடம் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

அந்த மாத முடிவில் அவள் வேலையை விட்டுவிட்டாள். காலி வீதி பஸ் ஹோல்ட் வரை கூடப் போனேன்.

“ஏன் வினோ? எல்லாம் சரியாப் போச்சே.”

“எங்கை சரியாப் போனது?” என்றாள். அவள் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். “அதுக்கு நம்பர் இல்லை அண்ணா, அதாலை துளை மாறினா ஆர் எண்டு தெரியேல்லை. சரி. எனக்கு என்ன இல்லை? பேர் இருக்கு, ஊர் இருக்கு, ஐசி இருக்கு, நம்பர் இருக்கு. கேட்டதுக்கெல்லாம் சொல்லுறன். ஒரு மதில் தள்ளிப் போனாலும் திரும்பவும் ஆர் நீ எண்டுதானே கேக்கினம். ஒரு வருசம் அந்தக் கடைக் கதிரையிலை இருந்து வேலை செய்தனான். அங்கிளுக்கு நான் ஆர் எண்டு தெரியேல்லை.” பஸ் வருகிற பக்கம் திரும்பிக்கொண்டு, “உங்களுக்கும் தெரியேல்லை” என்றாள்.

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது. நீ மட்டும் என்னை நம்பினாயா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பின்னாளில் இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். நம்பர் இல்லாத, ஒரே மாதிரியான இரண்டு பென் டிரைவை ஒரே துளையில் மாறி மாறிச் செருகினால் சிஸ்டம் இரண்டையும் ஒன்று என்றுதான் நினைக்கும். அதாவது, வெளியிலிருந்து வேறொன்று வந்திருந்தாலும் பட்டியலில் தெரிந்திருக்காது, அன்று நாங்கள் நிரூபித்தது பாதிதான். நல்லவேளை, இது குலேந்திரன் அங்கிளின் காதுக்கு எட்டவே இல்லை. கடைசிக் காலத்தில் வெளிநாட்டில் மகள் வீட்டில் இருந்துதான் அவர் செத்தார். எட்டியிருந்தால் மனுஷன் அந்தக் குளிரிலும் நித்திரையில்லாமல்தான் கண்ணை மூடியிருப்பார்.

கலியாணப் பென் டிரைவ் கிளறிவிட்டதில், திங்கட்கிழமை வேலை முடிந்து வெள்ளவத்தையில் இறங்கினேன். எங்கள் கடை இருந்த இடத்தில் இப்போது பத்து மாடியில் தொடர்மாடி. பின் அறை ஜன்னல் இருந்த உயரத்தில் கார் நிறுத்துகிறார்கள். துரு வாசம் இல்லை, எல்லாம் கண்ணாடி. ஒழுங்கை முனைத் தேத்தண்ணிக் கடையும் இல்லை, எதிர்வீட்டு நாயும் இல்லை, கொமினிகேஷன் என்ற சொல்லே ஊரில் இல்லை. வினோதினி இருந்த மூன்று வீடுகளில் இரண்டை இடித்துவிட்டார்கள். நடுவில் இருந்த அந்த மதில் எது என்று கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. மூன்றாவது வீடு மட்டும் உயரமான கேற்றோடு நிற்கிறது. மணியை அடித்தேன். கேற்றின் சின்ன ஜன்னலைத் திறந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். முந்திய வீட்டுக்காரியின் மகளாக இருக்கும்.

“முந்தி இங்க அறை எடுத்து இருந்தாங்க, வினோதினி எண்டு. கிளிநொச்சி. இப்ப எங்க எண்டு தெரியுமா?”

“அப்பிடி ஒருத்தரும் இஞ்சை இருக்கேல்லை.”

“இருந்தாங்க. சண்டை நேரம். உங்கட அம்மாதான் பொலிசுக்குக் கூட்டிப் போனாங்க.”

பொலிஸ் என்ற சொல்லைக் கேட்டதும் அவள் முகம் மாறியது. ஜன்னலைப் பாதி சாத்திக்கொண்டாள்.

“நீங்கள் ஆர்? எங்கையிருந்து வாறியள்? ஐசி நம்பரைச் சொல்லுங்கோ பாப்பம்.”

பெயர் சொன்னேன். கொட்டாஞ்சேனை என்றேன். நம்பரை ஞாபகப்படுத்திக்கொண்டு நான் வாயைத் திறப்பதற்குள் அவள் ஜன்னலை முழுதாகச் சாத்திவிட்டாள்.